அசல் இருக்கா, நகல் இருக்கா?

போன மாதம் மேலூர் வாசகர் ஒருவர், "சமீபத்தில் உங்களைத் தூங்கவிடாத படம் எது?" என்று கேட்டிருந்தார். லெபனான் நாட்டில் எடுத்த 'கஃபர்நாஹூம்' என்ற அரபுப் படம், 2018இல் வந்தது, கிடைத்தால் பாருங்கள் என்று இரண்டே வரியில் எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தப் படத்தைப் பற்றித்தான். ஆகவே பென்ஷன், பத்திரப்பதிவு, முழங்கால் வலி கேள்விகளெல்லாம் அடுத்த மாதத்துக்குப் போகின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரைக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் 31 வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது செல்லூரில் இருக்கிறேன். சினிமா விமர்சனம் எனக்குத் தெரியாது. அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளாகத்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன்.

கேள்வி: கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். வாயில் நுழையாத அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?
(ஆசிரியர், திருமங்கலம்)

வேதக்கோயிலுக்குப் போகிறவர்கள் வாயில் சுலபமாக நுழையும். தமிழ் பைபிளில் அந்த ஊர் கப்பர்நகூம். கலிலேயாக் கடலோரத்தில் இயேசு தங்கி நோயாளிகளைக் குணமாக்கிய ஊர். அப்புறம், மனம் திரும்பவில்லை என்று அவர் வாயாலேயே கண்டனம் வாங்கிய ஊர். சாமான்கள் கண்டபடி குவிந்து கிடக்கிற இடத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பெயரால் சொல்கிறார்கள். லெபனான் ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாடு. படத்தில் சொல்ல நினைத்த விஷயங்களையெல்லாம் ஒரு பலகையில் எழுதிப் பார்த்தபோது இந்தச் சொல்தான் மனதில் வந்தது என்று இயக்குநர் நதீன் லபாக்கி சொல்லியிருக்கிறார்.

பெய்ரூத் நகரத்தில் ஒரு நெரிசலான குடியிருப்பு. ஸைன் என்று ஒரு பையன். நம் ஊரில் ஜெய்னுலாப்தீன் என்று பேர் வைக்கிறோமே, அதன் முன்பாதிதான். வயது சுமார் 12.

இந்தச் 'சுமார்' இருக்கிறதே, அதைச் சொல்லாமல் கதைக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. அவன் பிறந்த தேதி அவனைப் பெற்றவர்களுக்கே தெரியாது. எந்தப் பதிவேட்டிலும் அவன் இல்லை. படத்தின் தொடக்கத்தில் ஒரு டாக்டர் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். பால்பல் ஒன்றுகூட மிச்சமில்லை, அதனால் 12 அல்லது 13 இருக்கும் என்கிறார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது. நாமும் ஒரு காலத்தில் தலைக்கு மேலே கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்லித்தானே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம்? விரல் காதை எட்டினால் ஐந்து வயது. தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். அதில் ஒரு பிரியமாவது இருந்தது, பிள்ளை பள்ளிக்குள் போனது. ஸைனின் வாயைத் திறந்து பார்ப்பது அவனைச் சிறையில் வைத்திருப்பதால்.

பள்ளிக்கூடத்தை அவன் பார்த்ததில்லை. ஒரு கடையில் எடுபிடி. தம்பி தங்கைகளோடு தெருவில் நின்று பழச்சாறு விற்கிறான். 11 வயது தங்கை சஹர் பெரியமனுஷி ஆகிவிடுகிறாள். நம் ஊரில் என்றால் தாய்மாமன் சீர், மஞ்சள் நீராட்டு, தெருமுனையில் ஃபிளெக்ஸ். அங்கே அண்ணன்காரன் அவளுடைய துணியைத் தானே அலசிக் கொடுத்து, தன் சட்டையை மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லி, யாரிடமும் மூச்சு விடாதே என்கிறான். தெரிந்தால் கட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அப்படியே நடக்கிறது. அவன் வேலை செய்யும் கடைக்காரனுக்கே கொடுத்துவிடுகிறார்கள். ஸைன் வீட்டை விட்டு ஓடுகிறான். எத்தியோப்பியாவிலிருந்து பிழைக்க வந்த ராஹில் என்ற பெண் அவனைச் சேர்த்துக்கொள்கிறாள். அவளிடம் யோனாஸ் என்று ஒரு கைக்குழந்தை. அவளிடமும் சரியான காகிதம் இல்லை. ஒருநாள் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை, போலீஸ் பிடித்துக்கொண்டது. அது தெரியாமல் இந்தச் 'சுமார் 12' அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறது.

மிச்சத்தைப் படத்தில் பாருங்கள். கடைசியில் அவன் ஒருவனைக் கத்தியால் குத்திவிட்டு 5 வருடத் தண்டனையில் இருக்கிறான், அங்கிருந்தே பெற்றோர் மேல் வழக்குப் போடுகிறான் என்பது முதல் சில காட்சிகளிலேயே தெரிந்துவிடும். ஏன் குத்தினான் என்பதை மட்டும் நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: பெத்து வளர்த்தவர்கள் மேலேயே பிள்ளை வழக்குப் போடுவதா? மாதா பிதா குரு தெய்வம் என்று வளர்ந்தவர்களுக்கு இது அடுக்குமா?
(விவசாயி, செல்லம்பட்டி)

ஐயா, 'பெத்து வளர்த்தவர்கள்' என்று நீங்கள் எழுதியதில் இரண்டு வேலை இருக்கிறது. பெறுவது ஒன்று, வளர்ப்பது ஒன்று. நம் வழக்கில் அது ஒட்டியே வருவதால் ஒரே வேலை மாதிரிக் காதில் விழுகிறது. என்னைப் பெற்றதற்காக வழக்கு என்று அந்தப் பையன் நீதிபதியிடம் சொன்னாலும், அவன் கேட்பது இரண்டாவது வேலையைப் பற்றித்தான்.

தாயையும் தகப்பனையும் படம் பேய்களாகக் காட்டவில்லை. அந்தத் தாய் கோர்ட்டில் வக்கீலைப் பார்த்துக் கொதிக்கிறாள். கொடுக்க வேறு எதுவும் இல்லாமல் பிள்ளைக்குச் சீனியும் தண்ணியும் கொடுக்கிற நிலைமை உனக்கு வருமா, என் இடத்தில் இருந்து பார்த்தாயா என்று கேட்கிறாள். அந்த வக்கீலாக நடித்திருப்பது இயக்குநரே. அவரிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை.

உங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வடக்கே முறுக்கு கம்பெனிக்குப் பிள்ளைகளை அனுப்பிய கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்யாணக் கடன், ஆஸ்பத்திரிச் செலவு என்று வீட்டில் நெருக்கடி வரும்போது புரோக்கர் வந்து முன்பணம் கொடுப்பார். பையன் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் விடியுமுன்னே உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பான். ஒரு தகப்பனார் என் மேஜைக்கு வந்திருந்தார், மகளுடைய பிறப்புச் சான்று வாங்க. மகன் எங்கே என்று பேச்சுவாக்கில் கேட்டேன். முறுக்கு கம்பெனி என்றார். வயது கேட்டேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், வயதைச் சொல்லவே இல்லை. அவரைக் கெட்ட மனிதர் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையன் நாளைக்கு வந்து, "என்னை ஏன்ப்பா வித்தே?" என்று கேட்டால், கேட்காதே என்று அவன் வாயைப் பொத்தவும் என் கை வராது.

ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. இவர்கள் இனிமேல் பிள்ளை பெறக்கூடாது என்று ஸைன் நீதிபதியிடம் கேட்கிறான். சிறைக்குப் பார்க்க வந்த தாய், நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன், கடவுள் ஒன்றை எடுத்தால் ஒன்றைத் தருகிறார் என்று சொன்னதைக் கேட்ட பிள்ளை அவன். அவன் வாயில் அந்தப் பேச்சு வருவது நியாயம். அதைப் பிடித்துக்கொண்டு, ஏழைகள் பிள்ளை பெறலாமா என்று வசதியானவர்கள் பேச ஆரம்பித்தால் அது வேறு பேச்சு. கடிதம் எழுதியவர்களில் இரண்டு பேர் அப்படி எழுதியிருந்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது.

கேள்வி: நம்ம கோர்ட், கச்சேரி வார்த்தைகளில் பாதி அரபிதான் என்று என் அத்தா சொல்வார்கள். உண்மையா?
(வாசகி, மகபூப்பாளையம்)

பாதி என்பது கொஞ்சம் கூடுதல். ஆனால் உங்கள் அத்தா சொன்னது சரிதான். வக்கீல், ஜாமீன், கைதி, ஆஜர், ரத்து, பாக்கி, வசூல் எல்லாம் அரபு வேர் உள்ள சொற்கள். பாரசீகம், உருது வழியாக ஆட்சிக்காரர்களோடு வந்து, நம் நாக்குக்குத் தகுந்தபடி மாறி, இப்போது தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டன.

அசல், நகல் இரண்டும் அந்த ஊர்ச் சரக்குதான். 31 வருடத்தில் நான் அதிகமாகப் பேசிய வார்த்தைகள் எவை என்று கேட்டால் இந்த இரண்டும்தான். "அசல் இருக்கா, நகல் இருக்கா?" ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வாய் இதைக் கேட்டுவிடும்.

2007 ஜூன் மாதம். பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை விற்கிற ஒரு அம்மா வந்தார். பையனுக்கு ஒன்பது வயது இருக்கும். அதுவரை செங்கல் சூளை சூளையாகப் போய்க்கொண்டிருந்த குடும்பம். இப்போது ஓரிடத்தில் இருக்கலாம், பையனைப் படிக்க வைக்கலாம் என்று முடிவு செய்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பிறப்புச் சான்று கேட்டார்களாம். பையன் சூளையிலேயே பிறந்தவன், பிரசவம் பார்த்தது உடன் வேலை செய்த ஒரு கிழவி. நான் பதிவேடுகளைப் புரட்டினேன். இல்லை. பதிவு இல்லை என்று ஒரு சான்று தருகிறேன், அதை வைத்து மாஜிஸ்டிரேட் உத்தரவு வாங்கி வாருங்கள் என்றேன். பிறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் அப்போது சட்டம் அதுதான். அவர் திரும்பத் திரும்ப வந்தார். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் அன்றைய கடலை வியாபாரம் போச்சு.

மூன்றாவது முறை பையனையும் கூட்டிவந்தார். அசல் ஏதாவது இருக்கா, ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, எதுவானாலும் பரவாயில்லை என்று கேட்டேன். அவர் பையனைத் தோளைப் பிடித்து ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார்.

"அசல்தான் இந்தா நிக்குதே தாயி. இதைப் பாத்து நகல் போட்டுக் குடுங்க."

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்காமல் எனக்கு ஒரு ஜூன் மாதம் போவதில்லை. விதிப்படி நான் செய்ததில் தவறு ஒன்றுமில்லை, இன்றைக்கும் எந்தத் தணிக்கையிலும் அது நிற்கும். அவர் நான்காவது முறை வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து வெளியூர் பஸ் ஸ்டாண்டு ஒன்றில் டீ குடிக்க ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தேன். மேஜை துடைத்த பையனை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. "தம்பி, உனக்கு என்ன வயசு?" என்றேன். கல்லாப்பெட்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பதினாலுன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

14 வயதுக்குள் இருப்பவர்களை ஹோட்டலில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 2006 அக்டோபரிலேயே தடை வந்துவிட்டது. அதனால்தான் அந்தப் பதினாலு. அவன் வயது என்ன என்று காட்ட ஒரு காகிதம் இருந்திருந்தால் யாராவது அந்தக் கடைக்காரரைக் கேட்டிருக்கலாம். அந்தக் காகிதத்தைக் கொடுக்காதவள் அங்கேயே உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த வாரம் மனசு கேட்காமல் போனேன். அவன் அங்கே இல்லை.

2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க மறுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. மூன்று வருடம் முந்தி வந்திருக்கக்கூடாதா?

கேள்வி: எனக்கு இங்கிலீஷ் எழுத்து வாசிக்க வராது. அரபும் தெரியாது. இந்தப் படத்தை நான் எப்படிப் பார்ப்பது?
(ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, ஹார்விபட்டி)

தாராளமாகப் பாருங்கள் ஐயா. என் பக்கத்து வீட்டில் மல்லிகைப்பூ கட்டுகிற ஒரு பெண் இருக்கிறார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. இரண்டாவது தடவை நான் படம் பார்க்கும்போது கூடையோடு வந்து உட்கார்ந்தார். அவர் கண் திரையில் இருக்கும், கை பாட்டுக்குக் கட்டிக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் மட்டும் யார் யாருக்கு என்ன உறவு என்று சொன்னேன். ராஹில் காணாமல் போன பிறகு நான் வாயே திறக்கவில்லை. அந்தப் பகுதி முழுக்க ஒரு பையனும், பேச்சு வராத ஒரு குழந்தையும்தான். அதில் என்ன மொழி?

குழந்தைக்குப் பொம்மைப்படம் காட்ட வேண்டும், வீட்டில் டிவி கிடையாது. ஸைன் ஒரு கண்ணாடியை எடுத்து, பக்கத்து வீட்டு டிவி அதில் தெரிகிற மாதிரி பிடித்து, தானே வசனமும் பேசுகிறான். சக்கரப் பலகையில் பெரிய அண்டாவை வைத்துக் கட்டி, அதற்குள் குழந்தையை உட்காரவைத்து ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிறான். குழந்தை பால் தேடி இவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. ஒன்றும் கிடைக்காத ஒருநாள் ஐஸ்கட்டியில் சீனியைத் தொட்டுக் கொடுக்கிறான்.

அந்த இடத்தில் அவர் கை நின்றுவிட்டது. "சீனித் தண்ணி குடுத்து நானும் மூத்தவனைத் தூங்க வச்சிருக்கேன்க்கா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பய அண்ணனாவா இருக்கான், தாயாவுல்ல இருக்கான்" என்றார். அன்றைக்கு அவர் கட்டிய சரத்தில் ஒரு முழம் குறைந்தது என்று மறுநாள் சொன்னார்.

கேள்வி: வறுமையைக் காட்டி வெளிநாட்டில் கைத்தட்டல் வாங்குகிற படம் என்றும் சிலர் சொல்கிறார்களே?
(கல்லூரி மாணவர், தல்லாகுளம்)

சொல்லியிருக்கிறார்கள். கான் விழாவில் 2018இல் நடுவர் குழுப் பரிசு வாங்கியது, அடுத்த வருடம் ஆஸ்கருக்கு வெளிநாட்டுப் படப் பிரிவில் இறுதிப் பட்டியலில் இருந்தது. அப்போதே இந்தப் பேச்சும் கூட வந்தது. எனக்கும் படத்தில் குறைகள் தெரிகின்றன. நாம் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும்போது பின்னணி இசை வேறு வந்து முதுகில் தட்டுகிறது. கோர்ட் காட்சிகளில் ஆட்கள் பேசுவது கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. சிறையிலிருந்து டிவி நிகழ்ச்சிக்குப் போன் போடுகிற இடம், அதுவரை இருந்த உண்மைக்குப் பக்கத்தில் வைத்தால் இளைத்துத் தெரிகிறது.

ஆனால் யாரை வைத்து எடுத்தார்கள் என்று பாருங்கள் தம்பி. ஸைனாக நடித்த ஸைன் அல் ரஃபியா சிரியாவின் தெரா பகுதிப் பையன். 2012இல் போருக்குத் தப்பிக் குடும்பத்தோடு பெய்ரூத்துக்கு வந்து தெருவில் வளர்ந்தவன். நடிப்பு தெரியாது, எழுதப் படிக்கவும் சரியாக வராது. ராஹிலாக நடித்த யோர்தானோஸ் ஷிஃபெராவும் காகிதம் இல்லாமல் அங்கே வாழ்ந்தவர். படத்தில் ராஹில் கைதாகிறாள். படப்பிடிப்பு முடிவதற்குள் யோர்தானோஸையும் நிஜமாகவே கைது செய்துவிட்டார்கள், இயக்குநர் போய்ப் பொறுப்பேற்று மீட்டுவந்தார். குழந்தையின் நிஜப் பெற்றோரும் அதே போலப் பிடிபட்டு, படக்குழுவில் ஒருவர் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிவந்தது. யோனாஸ் என்ற ஆண் குழந்தையாக வருவது ஒரு பெண் குழந்தை. ஆறு மாதம் படம் பிடித்தார்கள். குழந்தை சிரிக்கிறவரைக்கும், தூங்குகிறவரைக்கும் காத்திருந்து எடுத்ததில் 500 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. வெட்டி ஒட்டி இரண்டு மணி நேரமாக்கினார்கள்.

ராஹிலின் சங்கடம் புரிய வளைகுடாவுக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள். கஃபீல், அக்காமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) என்ற வார்த்தைகள் நம் ராமநாதபுரம், மேலூர்ப் பக்கத்து வீடுகளில் புழங்குகின்றன. வேலைக்கு வைத்தவர்தான் கஃபீல், அங்கே தங்க உரிமை அவரைக் கட்டிக்கொண்டு. அந்த வீட்டை விட்டு வெளியே வந்தால் அந்த நிமிடமே நீங்கள் சட்டவிரோதம். லெபனானில் வீட்டு வேலை செய்யும் வெளிநாட்டுப் பெண்களுக்கும் இதே ஏற்பாடுதான்.

ஸைன் அல் ரஃபியா பிற்பாடு அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பின் உதவியால் குடும்பத்தோடு நார்வேயில் குடியேறினான், பள்ளிக்கூடம் போனான். ஒரு படத்தால் ஒரு பிள்ளையாவது வகுப்பில் போய் உட்கார்ந்தது. மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டலாமா?
(வாசகி, அண்ணாநகர்)

வேண்டாம். வசவு நிறைய, சஹருக்கு நடப்பதைப் பத்து வயதுக்கு விளக்க முடியாது. பதினைந்து ஆகட்டும்.

கேள்வி: நான் முகாமில் பிறந்தவன். அம்மாவும் அப்பாவும் 1990இல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். உங்கள் பதிலைப் படித்துவிட்டுப் படம் பார்த்தேன். அந்தப் பையனுக்குக் காகிதம் இல்லை. எனக்குப் பிறப்புச் சான்று, ஆதார் எல்லாம் இருக்கிறது, ஆனாலும் நான் எந்த ஊர்க்காரன்?
(வாசகர், உச்சப்பட்டி முகாம்)

தம்பி, உங்கள் கடிதத்தை நான்கு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன்.

உங்களைப் போன்றவர்களின் பிறப்பை என் கையால் பதிந்திருக்கிறேன். பிறந்த இடம் மதுரை மாவட்டம் என்று எழுதுவேன். அப்படி எழுதினால் அந்தப் பிள்ளை இந்த மண்ணுக்குச் சொந்தம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1987 ஜூலை 1க்கு முன்னால் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் பெற்றோரின் குடியுரிமையையும் பார்க்கிறார்கள். அந்தத் தேதிக்கு முந்தி, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் கேட்டு இங்கே உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தார். 2022இல் அவருக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. 2024 தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டார். பிந்திப் பிறந்த உங்களுக்கு அந்தக் கதவு அப்படியே திறக்காது, பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அகதிகளுக்கான 1951ஆம் வருட உடன்படிக்கையில் லெபனானும் கையெழுத்துப் போடவில்லை, இந்தியாவும் போடவில்லை.

இலவச சட்ட உதவி மையம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பிறப்புச் சான்று, முகாம் பதிவு, பள்ளிச் சான்றிதழ்கள், அப்பா அம்மா வந்து இறங்கியபோது எழுதிய பதிவின் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். எங்கே போனாலும் அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். எந்த ஊர்க்காரன் என்று கேட்டீர்களே. உங்கள் கடிதத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை 'வெஞ்சனம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம்.

கேள்வி: பேரனுக்கு மூன்று வயது. பிறப்புச் சான்றில் பெயர் இல்லை, வெறும் 'ஆண் குழந்தை'. இனிமேல் சேர்க்க முடியுமா?
(தாத்தா, வாடிப்பட்டி)

முடியும். பிறப்பைப் பதிந்ததிலிருந்து ஒரு வருடம் வரை இலவசம், 15 வருடம் வரை சிறு தாமதக் கட்டணத்தோடு பெயர் சேர்க்கலாம். பதிந்த அலுவலகத்துக்கே போங்கள். பெயரை எழுதும்போது முதலெழுத்தையும் எழுத்துக்கூட்டலையும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுப் போங்கள், ஒருமுறை ஏற்றினால் மாற்றுவது பெரும்பாடு. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, ஓட்டு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி காட்ட இந்தச் சான்றுதான். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் 21 நாளுக்குள் பதியுங்கள், காசு கிடையாது.

கேள்வி: எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு சின்னப் பையன் கிளாஸ் கழுவுகிறான். படம் பார்த்த பிறகு அந்தப் பக்கம் போகவே கஷ்டமாக இருக்கிறது.
(வங்கி ஊழியர், சிம்மக்கல்)

போங்கள். அவனிடம் பேர் கேளுங்கள், ஊர் கேளுங்கள். அப்புறம் 1098க்குப் போன் போடுங்கள், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, உங்கள் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குள் எந்தக் கடையிலும் கம்பெனியிலும் வேலைக்கு வைக்கக்கூடாது. வைத்தவருக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடைக்காரர் பதினாலு என்று சொல்வார். பையனும் பதினாலு என்று சொல்வான். அதோடு திரும்பிவிடாதீர்கள். வயதைக் கண்டுபிடிப்பது வருகிற அதிகாரிகளின் வேலை, காகிதம் இல்லாவிட்டால் அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது.

கேள்வி: படம் முழுக்கச் சிரிக்காத பையன் கடைசியில் சிரிக்கிறானே, ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.
(வாசகி, சோழவந்தான்)

அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கிறார்கள். அவன் உம்மென்று நிற்கிறான். சிரிடா, இது உன் அடையாள அட்டைக்கு எடுக்கிற போட்டோ, சாவுச் சான்றிதழுக்கு இல்லை என்கிறார் எடுப்பவர். மெதுவாக வாய் விரிகிறது. அங்கே படம் நின்றுவிடுகிறது.

எங்கள் அலுவலகத்தில் இரண்டு பதிவேடும் ஒரே அலமாரியில் இருந்தன, மேல் தட்டில் பிறப்பு, கீழ்த் தட்டில் இறப்பு. இறப்பைப் பதிய ஆட்கள் தவறாமல் வருவார்கள், பென்ஷனுக்கும் இன்சூரன்ஸுக்கும் பட்டாவுக்கும் அது வேண்டும். சிலரை நான் கீழ்த் தட்டில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். மேல் தட்டில் தேடினால் இருக்கமாட்டார்கள். ஸைன் தன் காகிதங்களைத் தேடித்தான் வீட்டுக்குத் திரும்புகிறான். அவனுக்குக் கிடைப்பது சஹர் செத்துப்போன சேதி.

அந்தப் போட்டோவைப் பார்த்தபோது எனக்குச் செங்கல் சூளையில் பிறந்தவன் ஞாபகம்தான். அம்மா அவனைத் தோளைப் பிடித்து ஜன்னலுக்கு நேராக நிறுத்தினபோது அவனும் இப்படித்தான் நேராக என்னைப் பார்த்தான், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. இப்போது இருபத்தேழு வயது இருக்கும்.

சுமார்தான்.